புதிதாக வருகிறவர்கள் நம் சபையில் ஒட்டிக்கொள்ள: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் புறநகரில் எந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்துக்குப் போனாலும் ஜூன் மாதம் நாலு புது முகம் தெரியும். மாற்றலாகி வந்த குடும்பம், காலேஜில் சேர்ந்த பையன், வேலை கிடைத்து பிஜியில் தங்கியிருக்கும் பெண். ஆகஸ்டில் தேடினால் பலரைக் காணோம். "அவங்க வேற எங்கயோ போறாங்களாம்" என்று யாராவது சொல்வார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். சேகரக் கமிட்டியிலும் (சேகரம் என்பது ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகள்) பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் இதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சி.எஸ்.ஐ. சபைகளை மனதில் வைத்து எழுதியதுதான். லுத்தரன் சபைக்கும் கத்தோலிக்கப் பங்குக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

வாசலில் ஆள் நிறுத்திக் கைகொடுத்து வரவேற்கிறோம். அப்புறமும் ஏன் ஆட்கள் நிற்பதில்லை?

வாசலில் யாருக்கும் மனம் கோணுவதில்லை. கோணுவது ஆசீர்வாதம் கூறி முடித்த பிறகு வரும் பத்து நிமிஷத்தில். அப்போது நம் ஆலய வளாகத்தை ஒரு தடவை தள்ளி நின்று பாருங்கள். வேப்பமரத்தடியில் ஊர்க்காரர்கள் ஒரு கூட்டம். ஆபீஸ் அறை வாசலில் அடுத்த தேர்தலைப் பற்றிப் பேசும் கமிட்டிக்காரர்கள். பாடகர் குழு அங்கி மடித்துக்கொண்டிருக்கும். பொருளாளர் காணிக்கை எண்ணப் போயிருப்பார். வரவேற்புக் குழுவோ "நம்ம வேலை எட்டு மணிக்கே முடிஞ்சுது" என்று காபி குடித்துக்கொண்டிருக்கும். புதுக் குடும்பம் பைக் பக்கத்தில் நின்று, யாராவது பேசுவார்களா என்று பார்த்துவிட்டு, பிள்ளை கையைப் பிடித்து இழுக்கும்போது கிளம்பிப் போய்விடும்.

எனவே வரவேற்பு வேலையை ஆராதனைக்குப் பின்னால் தள்ளுங்கள். வேறு எந்தப் பொறுப்பும் இல்லாத இரண்டு பேர் போதும். காணிக்கை எண்ணவோ மீட்டிங்குக்கு ஓடவோ வேண்டியவர்களை இதில் போடாதீர்கள். புதியவரோடு ஐந்து நிமிஷம் நின்று பேசி, அவரை இன்னொருவரிடம் கொண்டுபோய் விடுவதுதான் வேலை. அந்த இன்னொருவர் யார் என்பது முக்கியம். அதே வயதில் பிள்ளை உள்ள தாய், அதே தெருவில் குடியிருப்பவர், அதே கம்பெனியில் வேலை செய்பவர் என்று பார்த்து விட வேண்டும். எருசலேமில் சவுலை, அதாவது பின்னாளில் பவுல் எனப்பட்டவரை, சீஷர்கள் நம்பாமல் பயந்தபோது பர்னபா செய்தது இதைத்தான். கையோடு அழைத்துக்கொண்டு போய் "இவர் இன்னார், இவருக்கு நடந்தது இது" என்று எடுத்துச் சொன்னார். அப்போஸ்தலர் 9-ம் அதிகாரத்தில் இரண்டே வசனத்தில் வருகிறது. அந்த இரண்டு வசனம் இல்லாவிட்டால் பவுல் எருசலேமில் யாரோடு உட்கார்ந்திருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

அறிவிப்பு நேரத்தில் புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்வது நல்லதா?

வேண்டாம் என்பது என் கருத்து. சிலருக்குப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் இருநூறு பேர் திரும்பிப் பார்க்க, மைக்கில் பெயரும் ஊரும் சொல்வது பலருக்குத் தண்டனை. கணவனை இழந்து புது ஊருக்கு வந்தவர், வீட்டுக்குத் தெரியாமல் வந்த பெண், முந்தைய சபையில் மனம் நொந்து வந்தவர் எல்லாம் பின் வரிசையில் அமைதியாக உட்காரத்தான் வருகிறார்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் முன்னாலேயே தனியாகக் கேட்டு, சரி என்றவரை மட்டும் எழுப்புங்கள்.

"நீங்க எந்த ஊரு?" என்று கேட்பதில் என்ன தப்பு?

கேள்வியில் தப்பில்லை. அது எங்கே போய் முடிகிறது என்பதில்தான் விஷயம். நம் ஆட்கள் பேசுவது இப்படித்தான்: "எந்த ஊரு?" "திருநெல்வேலி." "திருநெல்வேலியில எங்க?" "நாங்குநேரி பக்கம்." "நாங்குநேரி பக்கம்னா எந்த ஊரு? அப்பா பேரு என்ன? எந்தச் சேகரம்?" நாலாவது கேள்வியில் கேட்டவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். சொன்னவருக்கும் அது தெரியும். ஒரு முகம் மலர்வதும் இன்னொரு முகம் "அப்படியா, சரி சரி" என்று நகர்வதும் அந்த நேரத்தில்தான்.

சாதி பார்க்கிற இந்த வழக்கம் நம் சபைகளுக்குப் புதிதல்ல. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதை ஏற்க மாட்டோம் என்று சபையை விட்டே போனவர்கள் இருந்தார்கள். கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கம் என்று இரண்டு பிரிவாகக் கோயிலே கட்டினார்கள். தனி பெஞ்சும் தனிச் சுவரும் இன்று பெரும்பாலான இடங்களில் கண்ணுக்குத் தெரியாது. அந்த வேலையை இந்த நாலு கேள்வி செய்துவிடுகிறது.

ஊரைப் பற்றிப் பேசவே கூடாது என்று சொல்லவில்லை. தூரத்து ஊரிலிருந்து வந்தவருக்கு அந்த ஊர்ப் பெயரைக் கேட்பதே சந்தோஷம். முதல் கேள்வியோடு நிறுத்திக்கொண்டு, இப்போதைய வாழ்க்கைக்கு வாருங்கள். "இங்க எங்க வீடு பார்த்திருக்கீங்க?", "பஸ் வசதி எப்படி?", "தண்ணி வருதா?" சென்னையில் தண்ணீரைப் பற்றி ஆரம்பித்தால் பேச்சு நிற்கவே நிற்காது. சொந்தம் தேடுகிறவர் எவரும் வரவேற்புக் குழுவில் இருக்கக் கூடாது என்று கமிட்டியில் வெளிப்படையாகவே சொல்லலாம். முதல் நாள் கொஞ்சம் கசக்கும்.

சி.எஸ்.ஐ.-யிலேயே வளர்ந்தவர்கூட எங்கள் ஆராதனையில் தடுமாறுகிறாரே, ஏன்?

தடுமாறத்தான் செய்வார். 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், ஏற்கெனவே ஒன்றாகியிருந்த காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபைகள் எல்லாம் சேர்ந்தன. பெயர் ஒன்றானது, வீட்டுப் பழக்கம் அப்படியே நின்றது. திருநெல்வேலிப் பக்கம் ஆங்கிலிக்கப் பழக்கம். முழங்கால்படியிடுவது, ஜெபங்களை மனப்பாடமாகச் சொல்வது எல்லாம் அங்கே பிள்ளைகளுக்கே தெரியும். கன்னியாகுமரிப் பக்கம் லண்டன் மிஷன் வழி, அதாவது காங்கிரிகேஷனல் பழக்கம். அங்கிருந்து வந்தவர், எல்லோரும் புத்தகம் பார்க்காமல் பதில் சொல்லும்போது திகைத்து நிற்பார். இவரும் சி.எஸ்.ஐ., அவரும் சி.எஸ்.ஐ.

இதற்குப் பெரிய பயிற்சி வகுப்பெல்லாம் தேவையில்லை. பாமாலையா (மேல்நாட்டு மெட்டுப் பாட்டு) கீர்த்தனையா (தமிழ் மெட்டுப் பாட்டு), எத்தனையாவது எண் என்று பலகையில் தெளிவாகப் போடுங்கள். "பக்கம் 12, எல்லாரும் எழுந்து நிற்போம்" என்று நடத்துகிறவர் சொல்லட்டும். பாட்டுப் புத்தகம் வாங்கச் சொல்லாமல், பெஞ்சுக்கு இரண்டு உபரிப் பிரதி வைத்துவிடுங்கள்.

ஒரே ஒரு இடத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: சமாதானம் பகிரும் நேரம். வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை சேர்த்து, இடது கையால் மேலே மூடிக்கொள்வது நம் திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை) முறையோடு சேர்ந்தே வந்த பழக்கம். தெரியாதவர் அந்த நேரம் படும் பாட்டைப் பார்த்திருப்பீர்கள். கும்பிடுவதா, கைகுலுக்குவதா என்று கை பாதியில் நிற்கும். அதற்குள் பக்கத்திலிருப்பவர் தன் மைத்துனருக்குக் கொடுத்துவிட்டு முன்பக்கம் திரும்பியிருப்பார். அந்த நேரத்தில் தெரிந்தவரைத் தாண்டிப் போய்த் தெரியாதவருக்கு முதலில் கொடுப்பது என்று ஐந்து குடும்பம் முடிவு செய்தால் போதும். ஆலயத்துக்குள் ஒரு வித்தியாசம் தெரியும்.

"இது எங்க பெஞ்சு" என்று சொல்கிற பெரியவர்களை என்ன செய்வது?

பெரியவர்களோடு சண்டை வேண்டாம். முழங்கால் வலி, மின்விசிறி, காது கேட்பது என்று அவர்களுக்கும் காரணம் உண்டு. அவர்கள் பெஞ்சில் ஓர் இடத்தை மட்டும் காலியாக வைத்து, "ஐயா, புதுசா வர்றவங்களை உங்க பக்கத்துல உட்கார வைக்கிறோம், புத்தகம் எடுத்துக் கொடுங்க" என்று அந்தப் பொறுப்பையே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். முறைத்தவர் இடம் போட்டு வைத்துக் காத்திருப்பார். ஆனால் நல்ல சட்டை போட்டவருக்கு முன் வரிசை, கசங்கிய சட்டைக்காரருக்குத் தூண் மறைவு என்று நடந்தால் விட்டுக்கொடுக்கவே கூடாது. யாக்கோபு இரண்டாம் அதிகாரம் அதைப் பற்றித்தான். ஒளித்துப் பேசவே இல்லை.

திருவிருந்து நேரத்தில் புதியவரிடம் என்ன சொல்வது?

சுருக்கமாக, முன்னாலேயே சொல்லிவிடுங்கள். திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் தன் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பெற்றவர்கள் வரலாமா, வேறு சபையார் வரலாமா, மற்றவர்கள் ஆசீர்வாதம் பெற வரலாமா என்பதை அந்தந்தச் சபையின் ஒழுங்குப்படி ஐயர், அதாவது சபைப் போதகர், அறிவிக்கட்டும். வரிசையில் வந்த பிறகு ஒருவரைத் திருப்பி அனுப்புவது போல அவமானம் வேறில்லை.

முதல் தலைமுறையாக விசுவாசத்துக்கு வந்தவர்களிடம் எப்படி நடந்துகொள்வது?

மற்ற எல்லாரையும்விட இவர்களிடம்தான் நாம் அதிகம் தவறுகிறோம். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவருக்குச் சபை சரியில்லை என்றாலும் வீட்டில் ஜெபம் உண்டு, கிறிஸ்மஸுக்கு அத்தை வீடு உண்டு. இவருக்கு ஆலயத்தை விட்டால் ஒன்றும் கிடையாது. கிறிஸ்மஸ் அன்று ஆராதனை முடிந்து எல்லாரும் பிரியாணிக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது, ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் போகிறவர் அவர்தான். அன்றைக்கு உங்கள் வீட்டில் ஓர் இலை கூடப் போடுங்கள். அதற்கு மேல் விளக்கம் எதற்கு!

அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஞானஸ்நானப் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு, அது அவர் ஊர் வரை போய், வீட்டில் பிரளயம் ஆனபின் "நாங்க சந்தோஷத்துலதான் போட்டோம்" என்றால் என்ன பயன்? "சாட்சி சொல்லுங்க" என்று கூட்டத்துக்குக் கூட்டம் மேடை ஏற்றவும் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பலர் சொல்லத் தயங்குவார்கள். 1950-ம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி, கிறிஸ்தவரானவருக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது. தமிழ்நாட்டில் அப்படி வந்தவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் படிப்பு, வேலை எல்லாம் ஒரு சான்றிதழில் தொங்குகிறது. அதனால் பதிவேட்டில் பெயர் எழுதத் தயங்குகிறவரை "விசுவாசக் குறைவு" என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பாரத்தை நாம் சுமக்கவில்லை. என்ன செய்வது என்பது அவரும் ஐயரும் தனியாகப் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். கமிட்டியில் விவாதத்துக்கு எடுக்கக் கூடாது.

பேச்சு வழக்கையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம். "அஞ்ஞானிகள்", "புறஜாதியார்" என்று நாம் சாதாரணமாகச் சொல்வது அவருடைய அம்மா அப்பாவை.

தமிழ் தெரியாதவர்கள் வந்தால்?

ஸ்ரீபெரும்புதூர், திருப்பூர் பக்கத்துச் சபைகளுக்கு இது அன்றாடக் கேள்வி. ஜார்க்கண்டிலிருந்து வரும் ஆதிவாசித் தொழிலாளர்களில் லுத்தரன், கத்தோலிக்கக் குடும்பங்கள் ஏராளம். மிசோரத்திலிருந்து வருபவர் பிரஸ்பிட்டேரியனாக இருப்பார், நாகாலாந்துக்காரர் பாப்டிஸ்டாக இருப்பார். மூன்று நாலு தலைமுறைக் கிறிஸ்தவர்கள். அவர்களைப் பிடித்து "நீங்க எப்போ ரட்சிக்கப்பட்டீங்க?" என்று கேட்டுத் துண்டுப்பிரதி கொடுப்பதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

முழு ஆராதனையையும் மொழிபெயர்க்க ஆள் இல்லாவிட்டால் பரவாயில்லை. வேதபாடப் பகுதி எது என்று ஆங்கில எழுத்திலோ இந்தியிலோ ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்; அவரவர் போனில் அவரவர் மொழி வேதாகமம் இருக்கிறது. கர்த்தருடைய ஜெபத்தை எல்லோரும் தங்கள் தங்கள் மொழியில் சொல்லலாம் என்று அறிவியுங்கள். மாதம் ஒரு தடவை அவர்கள் மொழிப் பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லுங்கள். மிசோக்காரர்கள் நாலு குரலில் பாட ஆரம்பித்தால் நம் பாடகர் குழுவுக்கும் ஒரு விழிப்பு வரும்.

வீடு சந்திக்கப் போகலாமா?

போகலாம், சொல்லிவிட்டுப் போங்கள். ஊரில் போல "இந்த வழியா வந்தோம்" என்று கதவைத் தட்டுவது இரண்டு பேரும் வேலைக்குப் போகும் அபார்ட்மென்ட் வீட்டில் எடுபடாது. எட்டுப் பேர் திரண்டு போகாமல், ஒரு தம்பதியோ இரண்டு அக்காமார்களோ போனால் போதும். வாடகை எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் குழந்தை இல்லை, ஏன் கல்யாணம் ஆகவில்லை: இந்த நாலும் வேண்டாம். ஜெபக் குறிப்பு கேட்டு, சுருக்கமாக ஜெபித்துவிட்டுக் கிளம்புங்கள். கேட்ட குறிப்பை வாட்சாப் குழுவில் போடாதீர்கள். "சகோதரியின் குடும்பப் பிரச்சினைக்காக ஜெபிக்கவும்" என்று போட்டால் அது ஜெபமா, செய்தியா?

கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்று பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வீட்டுக்கு வீடு கூடுகிறார்கள். நம்மிடம் வட்டார ஜெபக் கூட்டம் இருக்கிறது, பல இடங்களில் பெயரளவில். அதை உயிர்ப்பித்தால் வீடு சந்திப்பில் பாதி வேலை குறையும். ஆலயத்தில் பேசாதவர்கள்கூடப் பக்கத்து வீட்டு ஹாலில் பாயில் உட்கார்ந்தால் பேசிவிடுவார்கள்.

சந்தா, அங்கத்துவம் பற்றி எப்போது பேசுவது?

இரண்டாம் வாரமே சந்தாப் புத்தகத்தை நீட்டாதீர்கள். அதே சமயம் ஒரேயடியாக மறைப்பதும் நல்லதல்ல. பிள்ளைக்கு ஞானஸ்நானம், திருமணம், கல்லறைத் தோட்டத்தில் இடம் என்று வரும்போதுதான் "நீங்க அங்கத்தினரே இல்லையே" என்று சொல்வது பெரிய கொடுமை. துக்க வீட்டில் நின்றுகொண்டு பாக்கி கணக்குப் பார்க்கிற நிலை யாருக்கும் வரக் கூடாது. இரண்டு மூன்று மாதம் வந்துகொண்டிருந்தால், பழைய சபையிலிருந்து மாற்றுக் கடிதம் எப்படி வாங்குவது, சந்தா எவ்வளவு, ஓட்டுரிமை எப்போது என்பதை ஒரே தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். விதிகள் பேராயத்துக்குப் பேராயம் (ஒரு பிஷப்பின் கீழுள்ள பகுதி) மாறும் என்பதால் செயலரிடம் கேட்டுச் சரியானதை எழுத வேண்டும்.

தேர்தல் ஆண்டில் மட்டும் புதியவர்கள் மேல் திடீர்ப் பாசம் பொங்குவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கே புரியும்.

எப்போது, என்ன வேலை கொடுக்கலாம்?

சீக்கிரமே கொடுக்கலாம், சின்னதாக. நாற்காலி அடுக்குவது, பூ ஜோடிப்பது, சிறுவர் பாடசாலையில் வண்ண பென்சில் எடுத்துக் கொடுப்பது. பிரசங்க மேடையும் காணிக்கைத் தட்டும் காத்திருக்கட்டும். பாடகர் குழு வழக்கமாகப் பூட்டிய அறை. "அடுத்த வருஷம் பார்க்கலாம் தம்பி" என்று பன்னிரண்டு வருஷமாக அதே பதினாறு பேர் பாடும் சபைகள் உண்டு. வீடு வீடாகப் போய்ப் பாடும் கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸ் அந்தப் பூட்டைத் திறக்க நல்ல சமயம். ராத்திரி வேனில் நெருக்கி உட்கார்ந்து, தொண்டை கட்டி, ஒவ்வொரு வீட்டிலும் கேக்கும் காபியும் குடித்துத் திரும்பினால் பெயர் தெரியாதவர் என்று யாரும் மிஞ்ச மாட்டார்கள். புதியவர் வீட்டையும் அந்தப் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள்.

அறுப்பின் பண்டிகையும் அப்படித்தான், ஆனால் காணிக்கையாக வந்த விளைபொருள்களை ஏலம் விடும்போது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க வேண்டும். ஒரு பூசணிக்காய் ஆயிரக்கணக்கில் போவதையும், எடுத்தவரே திரும்ப ஏலத்துக்குக் கொடுப்பதையும் பார்க்கும் புதியவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. "காய்க்கு விலை இல்ல அண்ணே, காணிக்கைதான்" என்று ஒரு வரி போதும். கையில் காசு இல்லாதவர் அந்த மூன்று மணி நேரமும் ஓரத்தில் நிற்க வேண்டியதில்லை. அசனம் (எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் சபை விருந்து) சமைக்கிற இடத்தில் வெங்காயம் உரிக்க ஆள் எப்போதும் பற்றாது. திருநெல்வேலி, தூத்துக்குடி கிராமங்களின் அசனத்தில் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதெல்லாம் சோறு பரிமாறும்போது யாருக்கும் நினைவிருக்காது.

வேறு சபையில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்களை எப்படி ஏற்பது?

ஏற்றுக்கொள்ளுங்கள், கதையை மட்டும் தோண்டாதீர்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், தீர்ப்பு சொல்ல வேண்டாம். ஐயர் அந்தச் சபை ஐயரோடு ஒரு வார்த்தை பேசுவது முறை. உடனே கமிட்டிக்கு இழுப்பதும் வேண்டாம், ஒதுக்கி வைப்பதும் வேண்டாம்.

நானே புதியவன். யாரும் பேசவில்லை. என்ன செய்வது?

ஞாயிறு காலை ஆராதனையை வைத்து ஒரு சபையை எடைபோடாதீர்கள். கூட்டமும் அவசரமும் அன்றைக்குத்தான் அதிகம். புதன் அல்லது வெள்ளி நடக்கும் ஜெபக் கூட்டத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். இருபது பேர் இருக்குமிடத்தில் உங்களைக் கவனிக்காமல் இருக்க முடியாது. ஐயரைப் பார்க்க ஆராதனை முடிந்த நெரிசலில் நிற்காமல், வார நாளில் போன் செய்துவிட்டு ஐயர் வீட்டுக்குப் போங்கள். பல சபைகளில் விவரம் முழுக்கத் தெரிந்தவர் ஐயரம்மாதான். வாலிபர் என்றால் கேரல் ரவுண்ட்ஸுக்குப் பெயர் கொடுங்கள், பாடத் தெரியாவிட்டாலும் டார்ச் பிடிக்க ஆள் வேண்டும்.

இதெல்லாம் செய்தும் ஒரு பண்டிகைக் காலம் முழுக்க ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்றால் வேறு சபை பார்ப்பதில் குற்றமில்லை. போகும்போது ஐயரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள், அங்கத்தினராகச் சேர்ந்திருந்தால் மாற்றுக் கடிதத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த சபையில் அது தேவைப்படும்.